மூச்சு வாங்குங்க என்று சொன்னேன்

காந்த அறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, நோயாளியிடம் "மூச்சு வாங்குங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "உள்ளே இழுங்க, வெளியே விடுங்க" என்று சொல்லுங்கள். அதுவும் புரியவில்லையென்றால் வெட்கப்படாமல் நீங்களே இழுத்து விட்டுக் காட்டுங்கள். 'வாங்குங்க' மட்டும் வேண்டாம். இருபத்தேழு வருடம் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் சொல்கிறேன். இந்த ஒரு சொல்லால் ஒரு மனிதரின் வேலையைப் பறிக்க இருந்தேன்.

ஒரு சொல்லுக்கா இத்தனை அமர்க்களம் என்று உங்களில் சிலர் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். அளவு எடுப்பது, படத்தைச் சீராக்குவது, அனுப்புவது, இதிலெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித்தர ஒன்றும் இல்லை. என் காலத்தில் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிய வேலையை இப்போது இயந்திரமே முடித்துக் கையில் கொடுத்துவிடுகிறது. அது செய்யாத வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சோதனையைச் சொல்லிவிடுகிறேன். இதயத்தின் சதைக்கு ஆக்சிஜன் போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் சோதனை. ஊசி கிடையாது, மருந்து கிடையாது. ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் காந்தத்தின் நடுவே சாதுவாக இருக்கும். ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும் ரத்தம் காந்தப்புலத்தைக் கொஞ்சம் கலைத்துவிடும். கலைந்த இடம் படத்தில் மங்கித் தெரியும். நோயாளி ஒரு நிமிடம் வேக வேகமாக, ஆழமாக மூச்சை இழுத்து விட வேண்டும். அப்போது இதயத்தின் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் சுருங்கும். அதன்பின் மூச்சை வெளியே விட்டு அப்படியே அடக்க வேண்டும். அடக்க அடக்கக் குழாய்கள் விரிந்து, ரத்தம் பாய்ந்து, நல்ல சதை படத்தில் வெளுக்கும். கெட்ட சதை வெளுக்காது. நோயாளியின் மூச்சுதான் இங்கே மருந்து. அந்த மருந்து சரியாக உள்ளே போனதா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

எங்கள் மருத்துவமனைக்கு இந்தச் சோதனை புதிதாக வந்த சமயத்தில் ஏகாம்பரம் வந்தார். வயது நாற்பத்தாறு. ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கொஞ்சம் நெல் நிலம் உண்டு, அதைத் தம்பி பார்த்துக்கொள்கிறார். இவர் காலையில் பஸ் பிடித்துப் புதுவாயலில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டுக்குப் போகிறவர். ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஆபரேட்டர், நிரந்தர வேலை. ஒவ்வொரு ஷிஃப்டிலும் நாலு முறை இரும்புப் படிக்கட்டில் மூன்று மாடி ஏறி, மேலே இருக்கும் மீட்டர்களைப் பார்த்து எழுதிக்கொண்டு இறங்க வேண்டும். ஒரு நாள் படிக்கட்டின் பாதியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கூட வேலை செய்தவர்கள்தான் தூக்கி இறக்கினார்கள்.

ஈ.சி.ஜி. நன்றாக இருந்தது. ஆஞ்சியோகிராம் செய்தார்கள், பெரிய குழாய்களில் அடைப்பு எதுவும் இல்லை. "அன்னிக்கு வெயில் மேடம். நாஷ்டா துன்னாம போயிட்டேன். அவ்ளோதான்" என்று அவர் ஒரே பிடியாகச் சாதித்தார். கம்பெனிக்குத் திருப்தி இல்லை. எங்கள் இதய டாக்டர், நாற்பது வயதுப் பெண், கெட்டிக்காரி, சின்னக் குழாய்களில் கோளாறு இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு இந்தச் சோதனைக்கு எழுதினார்.

கம்பெனி ஒரு தாள் அனுப்பியிருந்தது. அதில் இரண்டே கட்டங்கள். வேலைக்குத் தகுதி உண்டு, தகுதி இல்லை. மறுநாள் காலை கம்பெனியில் அதற்கென்று கூட்டம். இரண்டாவது கட்டத்தில் டிக் விழுந்தால் பத்தொன்பது வருட வேலை அத்தோடு முடிந்தது. மூத்த பெண் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அந்த மனிதருக்கு அன்றைய தினம் எப்படிப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த விவரத்தையெல்லாம் எனக்குச் சொன்னவர் கம்பெனியின் எச்.ஆர். பிரிவிலிருந்து கூட வந்தவர். முப்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு, பேச்சில் நல்ல மரியாதை. ரிப்போர்ட்டைக் கம்பெனிக்குக் கொடுக்கச் சம்மதித்து ஏகாம்பரம் கையெழுத்துப் போட்டிருந்ததையும் காட்டினார். வெளியே காத்திருக்கும் இடத்தில் கூட்டம் நெரிந்தது, மின்விசிறி வேலை செய்யவில்லை. "மேடம், இங்க ஒரு ஓரமா உக்காந்துக்கட்டுமா?" என்றார். நான் உட்கார்ந்து இயந்திரத்தை இயக்கும் கன்சோல் அறையில் ஏ.சி. இருந்தது, காலி நாற்காலியும் இருந்தது. உட்காரச் சொன்னேன். அன்று நான் செய்த தப்புகளில் இதுதான் முதலாவது. அந்த நேரத்தில் அது தப்பாகவே தோன்றவில்லை, நல்ல பழக்கமாகத் தோன்றியது.

காந்த அறைக்கும் கன்சோல் அறைக்கும் நடுவே பெரிய கண்ணாடி இருக்கிறது அல்லவா. மேஜையில் படுக்கும் முன் ஏகாம்பரம் அதன் வழியாக ஒருமுறை பார்த்தார். எச்.ஆர். ஆள் கையை அசைத்தார். இவரும் அசைத்துவிட்டுப் படுத்தார்.

வெளியிலேயே ஒரு நிமிடம் மூச்சை இழுத்துவிடச் சொல்லிப் பார்த்த பிறகுதான் உள்ளே அனுப்ப வேண்டும். நான் வாயால் மட்டும் சொன்னேன். "சொன்னதும் வேகமா மூச்சு வாங்கணும், அப்பால அடக்குன்னா அடக்கணும், புரியுதா?" தலையாட்டினார். தலையாட்டினால் புரிந்தது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அடுத்து ஒரு முழங்கால் கேஸ் தள்ளுவண்டியில் காத்துக்கொண்டிருந்தது. அதுவும் ஒரு காரணம். நல்ல காரணம் இல்லை.

எங்கள் இயந்திரத்தின் ஹெட்ஃபோன் பழைய ரகம். குழாய் வழியாகக் காற்றில் ஒலி போகிறது. அதில் சொல்லின் வால் பகுதி தேய்ந்துவிடும். போதாததற்குப் பம்பு ஒரு பக்கம் விடாமல் கீச்சிட்டுக்கொண்டிருக்கும். நான் மைக்கில் "மூச்சு வாங்குங்க… நல்லா வாங்குங்க… வாங்குங்க" என்று ஒரு நிமிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். வயிற்றில் கட்டியிருக்கும் மூச்சு பெல்ட்டின் கோடு திரையில் மலைமலையாக எழும்ப வேண்டும். சின்னச் சின்ன வரப்பாகத்தான் எழும்பியது. அந்த வாரம் முழுக்க அந்த பெல்ட் தளர்ந்து தளர்ந்து பேஜாரு பண்ணிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் தளர்ந்துவிட்டது என்று பெல்ட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு மேலே போனேன். நோயாளியைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைப் பெல்ட்டைப் பார்த்துச் சொன்னேன்.

"அடக்குங்க" என்றேன். அடக்கினார். அப்படி ஒரு அடக்கலை நான் பார்த்ததில்லை. துளி அசைவில்லை. இதயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வளையம் பாடப்புத்தகத்தில் அச்சடித்தாற்போல் விழுந்தது. எனக்கு ஒரே பெருமை. டாக்டர் தன் அறையிலிருந்து போன் செய்து, "அக்கா, படம் எப்படி வந்திருக்கு?" என்றார். "சூப்பரா வந்திருக்கு டாக்டர். ஒரு நடுக்கம் கிடையாது" என்றேன்.

பத்து நிமிடத்தில் அவரே மறுபடி கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "அக்கா, வளையம் முழுக்க எங்கயுமே வெளுக்கல. ஒரு பக்கம்னா பரவாயில்ல. மொத்த இதயமும் இப்படின்னா மனுஷன் எந்த வேலைக்கும் போகக் கூடாது. பாவம். ரிப்போர்ட் எழுதிக்கினு இருக்கேன்."

அப்போது ஏகாம்பரம் சட்டை மாட்டிக்கொண்டு கன்சோல் அறை வாசலுக்கு வந்தார். முகத்தில் ஒரு வெற்றிக் களை. என்னைப் பார்த்துப் பேசினார், ஆனால் பேச்சு என்னவோ நாற்காலியில் இருந்த எச்.ஆர். ஆளுக்குத்தான்.

"இன்னா மேடம், திரும்பத் திரும்ப மூச்சு வாங்குதா, மூச்சு வாங்குதான்னு கேட்டுக்கினே இருந்தீங்க? வாங்கவேயில்ல. நீங்களே பாத்தீங்கல்ல?"

நான் திரும்பித் திரையில் இருந்த பெல்ட் கோட்டை மறுபடி பார்த்தேன்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மூச்சு வாங்குங்க என்றால் காற்றை உள்ளே எடுங்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இருபது வருடமாகச் சொல்லி வந்த சொல். ஹெட்ஃபோனில் வால் தேய்ந்து அது அவர் காதில் 'வாங்குதா' என்று விழுந்திருக்கிறது. படியேறிவிட்டு நிற்கிறவனிடம் "மூச்சு வாங்குது" என்று சொன்னால் அது வேறு. அது சீக்கு. அந்த மனிதர் இரண்டு வருடமாக எதை மறைத்துக்கொண்டிருந்தாரோ அதன் பெயரைத்தான் நான் அவர் காதுக்குள் ஒரு நிமிடம் விடாமல் ஓதியிருக்கிறேன். அதுவும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்பெனி ஆளை உட்காரவைத்துக்கொண்டு. அவர் என்ன செய்வார்? வாங்கவில்லை என்று காட்ட, முடிந்த மட்டும் மூச்சை ஒடுக்கிக்கொண்டு, மூக்கால் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு படுத்திருந்தார். பெல்ட் தளரவில்லை. பெல்ட் உண்மையைத்தான் சொன்னது.

இதன் விளைவைப் பாருங்கள். வேகமாக மூச்சுவிட்டிருந்தால் குழாய்கள் முதலில் சுருங்கியிருக்கும், பிறகு அடக்கும்போது விரிந்திருக்கும். இவர் ஆரம்பத்திலிருந்தே மூச்சைப் பிடித்துக்கொண்டதால் குழாய்கள் முன்பே விரிந்து கிடந்தன. திறந்திருக்கும் கதவை இன்னொரு முறை எப்படித் திறப்பது? நல்ல சதையும் வெளுக்கவில்லை. நோயே இல்லை என்று காட்ட அவர் பட்ட பாடு, இதயம் முழுக்க நோய் என்று படத்தில் வந்து நின்றது.

வெளியே அவர் மனைவி தனலட்சுமி உட்கார்ந்திருந்தார். சந்தேகத்தை உறுதி செய்துகொள்ள அவரிடம் போனேன். "வீட்ல இவருக்கு மூச்சு வாங்குமா?" என்று நேராகவே கேட்டேன். அந்தம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வாங்காம இன்னா மேடம். பம்ப் செட்டாண்ட போயி வந்தாலே வாங்குது. ஊட்டு உள்ள வரமாட்டாரு. மாட்டுக் கொட்டாய் பின்னாடி போய் நின்னுக்கினு, அத்த அடக்கிட்டுத்தான் உள்ள வருவாரு. நான் பாக்கலன்னு நெனச்சிக்கினு இருக்காரு. கேட்டா, உனுக்கு இன்னா வேலன்னு எரிஞ்சி உழுவாரு."

நான் டாக்டர் அறைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் மெய்யாகவே ஓடினேன். டாக்டர் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இருந்தார்.

"டாக்டர், அனுப்பாதீங்க. அந்தப் படம் செல்லாது."

"நீங்கதானே சூப்பர்னு சொன்னீங்க?"

"சொன்னேன். படம் தெளிவா இருக்கு, சோதனையே நடக்கல. அவர் வேகமா மூச்சு விடவே இல்ல. பெல்ட் கோடு சொல்லுச்சு, நான்தான் கேக்கல. தப்பு என்னுது."

பிள்ளைகளே, "தப்பு என்னுது" என்ற இரண்டு சொல்லைச் சொல்வது எனக்கு அந்த வயதிலும் சுலபமாக இல்லை. பெல்ட் பழுது என்று சொல்லியிருக்கலாம். நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று எழுதியிருக்கலாம். அந்த வரியை எத்தனை ரிப்போர்ட்டில் பார்த்திருக்கிறேன்! நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று நாம் எழுதும் ஒவ்வொரு இடத்திலும், நாம் என்ன சொன்னோம், அவர் காதில் என்ன விழுந்தது என்று ஒருமுறை கேட்டுப் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

டாக்டர் கோபப்படவில்லை, யோசித்தார். அவர் யோசித்ததில் நியாயம் இருந்தது. வேகமாக மூச்சுவிடும்போது குழாய்கள் சுருங்கும். நிஜமாகவே நோய் இருக்கும் இதயத்துக்கு அந்த ஒரு நிமிடத்திலேயே வலி வந்துவிடலாம். முதல் தடவை அந்த ஆபத்தே வரவில்லை, ஏனென்றால் அவர் செய்யவே இல்லை. "ஆளு வெளியே வந்து சட்டையும் போட்டாச்சு. சாயங்காலத்துக்குள்ள கம்பெனிக்குப் பேப்பர் வேணும். இன்னொரு நாள் வெச்சுக்கலாமா?" என்றார்.

"நாளைக்குக் காலைல கூட்டம் டாக்டர். பேப்பர் போகலன்னா அவங்களா ஒரு முடிவு எடுப்பாங்க. இந்தப் பேப்பர் போச்சுன்னா நாமளே முடிவு எடுத்த மாதிரி. ரெண்டும் வேணாம். இப்பவே எடுக்கணும்."

அவர் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். "சரி. நான் உள்ளே அவர் காலாண்ட நிக்கறேன். வலின்னு விரலை அசைச்சாக்கூட நிறுத்திடணும்."

முழங்கால் கேஸிடம் போய், அம்மா தாயே, ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். முழங்கால் என்னைத் திட்டியது, ஆனால் பொறுத்துக்கொண்டது. அடுத்து எச்.ஆர். ஆளிடம், "தம்பி, வெளிய போய் உக்காருங்க" என்றேன்.

"நான் ஒண்ணும் தொந்தரவு பண்ணலியே மேடம்?"

"நீங்க பண்ணல. நான் பண்ணிட்டேன். எந்திரிங்க."

அவர் எழுந்து போனார். கண்ணாடியின் திரையை இழுத்து, பார்வைக்கு வேண்டிய அளவு மட்டும் விட்டேன். பிறகு காந்த அறைக்குள் போய் ஏகாம்பரத்தின் பக்கத்தில் நின்றேன். மறுபடியும் படுக்கச் சொன்னதில் அவருக்கு எரிச்சல்.

"அதான் நல்லா செஞ்சேனே, இன்னாத்துக்கு மேடம் மறுபடியும்?"

"ஏகாம்பரம், கம்பெனி ஆளை வெளிய அனுப்பிட்டேன். இங்க நானும் டாக்டரும்தான். நான் மூச்சு வாங்குதான்னு கேக்கல, வாங்கச் சொன்னேன். தப்பா சொல்லிட்டேன். மூணாவது மாடி ஏறி மேல போய் நின்னா எப்படி இளைக்கும்? அப்படி இளைக்கணும். ஒரு நிமிஷம்."

அவர் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் ஓரம் கலங்கியது.

"அத்த ஊட்டுக்காரிக்குக்கூட நான் காட்டினது இல்ல மேடம்."

"எனக்குக் காட்டுங்க. காட்டினாத்தான் இதயம் எங்க கஷ்டப்படுதுன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா வேல பூடுமே."

போகாது என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. பொய் சொல்லிப் படம் எடுக்கவும் மனம் வரவில்லை. "போகுமா இருக்குமான்னு எனக்குத் தெரியாது. இப்ப எடுத்திருக்கற படம் போனா மட்டும் கண்டிப்பா போயிடும். அது தெரியும்" என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். நான் அவர் முன்னாலேயே வாயைத் திறந்து, தோளைத் தூக்கி, ஹா ஹா என்று இளைத்துக் காட்டினேன். ஐம்பத்தைந்து வயதுக்காரி, சீருடையில் நின்றுகொண்டு அப்படி இளைப்பதைப் பார்த்து டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஏகாம்பரமும் கொஞ்சம் சிரித்தார்.

"சரி மேடம். எடுங்க" என்றார்.

நான் கன்சோலுக்குத் திரும்பி வந்து மைக்கில் "இளைங்க" என்றேன். முதல் நாலைந்து மூச்சு கஞ்சத்தனமாகத்தான் வந்தது. ஆறாவது மூச்சில் அணை உடைந்தது. பெல்ட்டின் கோடு திரையின் உச்சிக்கு எகிறியது. ஒலிபெருக்கியில் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு வருடமாக நின்றிருந்த மூச்சு மொத்தமும் வெளியே வந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. கை மைக் பொத்தானிலேயே இருந்தது. முப்பது விநாடி. நாற்பது. டாக்டர் அவர் கால் விரல்களையும் ஈ.சி.ஜி. கோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பதில் ஏகாம்பரத்தின் கட்டைவிரல் லேசாக அசைந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பொத்தானை அழுத்தி, "வலிக்குதா? நிறுத்தட்டுமா?" என்று கேட்டேன்.

"நிறுத்தாதீங்க" என்று இளைப்புக்கு நடுவே குரல் வந்தது. "கால் மரத்துப் பூடுச்சி. அவ்ளோதான்."

அறுபது. "வெளிய விட்டு அடக்குங்க."

இந்த முறை வளையம் என் கண்முன்னே வெளுத்துக்கொண்டே வந்தது. மேல் சுவர் வெளுத்தது, இரண்டு பக்கமும் வெளுத்தது. கீழ்ச் சுவரில் ஒரு துண்டு மட்டும் வெளுக்கவில்லை. சுற்றிலும் வெளுப்பு ஏற ஏற அது தனியாகக் கறுத்து நின்றது. படம் முடிந்ததும் டாக்டர் உள்ளிருந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "இருக்கு" என்றார். "ஆனா இவ்வளவுதான் இருக்கு. இதுக்கு மாத்திரை இருக்கு."

ஏகாம்பரத்துக்கு இதைச் சொன்னபோது அவர் சந்தோஷப்படவில்லை. கோபம் வந்துவிட்டது. "நீங்க காட்டுன்னு சொன்னீங்க, காட்டினேன். இப்ப சீக்குன்னு சொல்றீங்க. சும்மா இருந்திருந்தா தாவல" என்றார். எனக்கும் கோபம் வந்தது. நியாயப்படி எனக்கு அந்த உரிமை இல்லை, ஆனாலும் வந்தது. அவரையும் தனலட்சுமியையும் கன்சோலுக்கு அழைத்து வந்து இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன்.

"இது நீங்க மறைச்சப்ப எடுத்தது. வளையம் முழுக்க மங்கலா இருக்கு பாருங்க. மொத்தமும் போச்சுன்னு அர்த்தம். இது நீங்க காட்டினப்ப எடுத்தது. மங்கலா எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் திரைக்கு அருகில் குனிந்து, கீழ்ச் சுவரில் விரலை வைத்தார். "இத்தினியூண்டா?"

"அவ்வளவுதான்."

நெடுநேரம் இரண்டு வளையத்தையும் பார்த்துக்கொண்டே நின்றார். தனலட்சுமி அவர் முதுகில் கையை வைத்தார். அவர் அதைத் தட்டிவிடவில்லை. பிறகு அவரே கதவைத் திறந்து, வெளியே உட்கார்ந்திருந்த எச்.ஆர். ஆளை உள்ளே கூப்பிட்டார். கூப்பிடச் சொல்லி நாங்கள் யாரும் சொல்லவில்லை.

"சார், எனக்கு மூச்சு வாங்குது சார்" என்றார். "ரெண்டு வருஷமா வாங்குது."

எச்.ஆர். ஆள் கோப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் மேலதிகாரி உண்டு, அந்தத் தாளில் இரண்டே கட்டங்கள்தான் உண்டு. டாக்டர் நோயை விளக்க ஆரம்பித்தார். எச்.ஆர். ஆள் அதைப் பாதியில் நிறுத்தி, "ஒரு நிமிஷம் மேடம்" என்று சொல்லிவிட்டு ஏகாம்பரத்தைக் கேட்டார்.

"எந்தப் படியிலேருந்துண்ணே ஆரம்பிக்கும்?"

"இருவத்திரண்டாவது படி சார்" என்று யோசிக்காமல் பதில் வந்தது. "மொத மாடி முடிஞ்சி ரெண்டு படி. அங்க கைப்பிடில ஒரு போல்ட் துருத்திக்கினு இருக்கும். அத்தப் புடிச்சிக்கினு, மீட்டரப் பாக்கற மாதிரி நின்னுடுவேன்."

எச்.ஆர். ஆள் நாற்காலியில் உட்கார்ந்தார். தாளை மடியில் விரித்து, இரண்டு கட்டங்களையும் விட்டுவிட்டு, கீழே இருந்த வெற்றிடத்தில் தன் கையாலேயே எழுதினார். முதல் மாடி வரை ஏறலாம், அதற்கு மேல் ஏற்றக் கூடாது, மற்ற எல்லா வேலையும் செய்யலாம். எழுதியதை டாக்டரிடம் நீட்டி, "மருத்துவப்படி இது சரியா மேடம்? சரின்னா கையெழுத்துப் போடுங்க. கூட்டத்துல நான் பேசிக்கறேன்" என்றார். டாக்டர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் கூட்டத்தில் அதை ஒப்புக்கொண்டு ஏகாம்பரத்தைத் தரைத்தளத்துக்கு மாற்றினார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்று அந்த அறையில் இருந்த யாருக்கும் அது தெரியாது.

ஏகாம்பரம் தாளைக் கேட்டு வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "மொத மாடி வரிக்கும் ஏறலாம்னு போட்டுக்கீது" என்றார்.